பால் பாட்டிலிலிருந்து டம்ளருக்கு: நல்லம்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஒரு பரிசீலனை

ஒரு கேள்வி, நான்கு துறைகள்

பாட்டிலுக்குப் பழகிய குழந்தையை எந்த வயதில், எப்படி டம்ளருக்கு மாற்றுவது? கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது அன்றாடக் கவலை. மருத்துவ நூல்களில் இதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த எபேசஸ் ஊர்க்காரர் சொரானஸ், பால் மறக்கடிக்க ஏற்ற பருவம் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் என்று எழுதினார். அதன் பிறகு பிறந்த குழந்தைக்கே கோப்பையில் கொடுக்கலாம் என்றவர்களும் இருந்தார்கள்; குழந்தை தானாக விடும்வரை காத்திருக்கலாம் என்றவர்களும் இருந்தார்கள்.

பதில்கள் இவ்வளவு விலகி நிற்பதற்கு முக்கியக் காரணம், பதில் சொன்னவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை என்பதே. பல் மருத்துவர் இரவெல்லாம் பல்லில் தங்கும் பாலைப் பற்றிக் கேட்கிறார். உளவியலாளர் கேட்பது உறிஞ்சும் வேட்கை பற்றி. பச்சிளங்குழந்தை மருத்துவரின் கவலை, உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தையின் உயிர். பொதுச் சுகாதாரத் துறையின் கவலை தண்ணீரும் பாத்திரச் சுத்தமும். இவற்றை ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டு ஒரு வயதை மட்டும் பதிலாகத் தருவதே பெற்றோர் கையேடுகளின் வழக்கம்.

இந்தப் பதில்களை ஓர் ஊரில் நிறுத்தி உரசிப் பார்ப்பது பயன் தரும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய்க்கு வடக்கே இருக்கிறது நல்லம்பள்ளி. செவ்வாய்க்கிழமைச் சந்தையும் ஆட்டு வியாபாரமும் அதன் அடையாளம். சுற்றிலும் ராகியும் சாமையும் விளையும் மானாவாரி நிலம். நம் கேள்விக்கு இந்த வட்டாரம் முக்கியமாவதற்கு மூன்று காரணங்கள்: சங்கும் பாலாடையும் இன்னும் மறையாத பகுதி இது, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம், பெற்றோர் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூர், திருப்பூர் என்று போய்வரும் மாவட்டமும்கூட.

பாட்டில் வந்த வழி

பாட்டிலைக் குழந்தை வளர்ப்பின் இயல்பான ஒரு படி என்று எண்ணுவது சமீப காலப் பழக்கம். ரப்பர் நிப்பிளுக்கு நியூயார்க்கின் எலைஜா பிராட் காப்புரிமை பெற்றது 1845இல்தான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீண்ட ரப்பர் குழாய் வைத்த பாட்டில்கள் பரவின. குழந்தை தானே படுத்துக்கொண்டு குடிக்கும் வசதிக்காக விற்கப்பட்ட அவை, குழாயின் உள்ளே கழுவ முடியாததால் கிருமிக் கூடாக இருந்து பல குழந்தைகளின் உயிரைக் குடித்தன. ஆள் இல்லாமல் குழந்தை குடித்துக்கொள்ளும் என்பதுதான் பாட்டிலின் பெரிய கவர்ச்சி. அதன் பெரிய ஆபத்தும் அதுவே.

பாட்டிலுக்கு எதிரான பொதுச் சுகாதார வாதம் 1939இல் கூர்மை பெற்றது. அந்த ஆண்டு சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தகர டப்பாப் பாலை ஏழைத் தாய்மாரிடம் தள்ளிவிடுவதைக் கொலைக்கு நிகராக வைத்துப் பேசினார். 1974இல் பிரிட்டனின் ‘வார் ஆன் வான்ட்’ அமைப்பு வெளியிட்ட சிறு நூலும், 1977இல் தொடங்கிய நெஸ்லே புறக்கணிப்பும், 1981இல் உலக சுகாதார மன்றம் ஏற்ற விற்பனை நெறிமுறையும் அந்த வழியில் வந்தவை. இந்தியா 1992இல் தாய்ப்பால் மாற்று உணவு, பால் பாட்டில், குழந்தை உணவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றி, 2003இல் அதை இறுக்கியது. பால் பவுடருக்கு மட்டுமல்லாமல் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி தரக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் குறிப்பிடத்தக்க அம்சம்.

இந்த நிலைப்பாட்டின் வலிமை கண்கூடு. நிப்பிளின் மடிப்பிலும் பாட்டில் கழுத்திலும் பால் படிந்து கெடும். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிடலாம், கொதிநீரிலும் போடலாம். ஆனால் இந்த வாதம் முழுவதும் ‘பாட்டிலைத் தொடாதே’ என்றே அமைந்திருக்கிறது. ஏற்கெனவே தொட்டுவிட்ட வீட்டுக்கு அதனிடம் சொல்வதற்கு அதிகம் இல்லை. 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் சுமார் 55 விழுக்காடு. மீதிக் குழந்தைகளில் கணிசமானவர்கள் வேறு பாலையோ தண்ணீரையோ ஏதோ ஒரு பாத்திரத்தில் குடிக்கிறார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், பெற்ற தாய் அருகில் இல்லாத குழந்தைகளை அரசின் கையிலேயே கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் குழந்தைகளுக்கு எதில் கொடுப்பது என்ற கேள்வியைத் தாய்ப்பால் பிரசாரம் மட்டும் தீர்த்துவிடாது.

சங்கும் பாலாடையும்

தமிழ்நாட்டில் இதற்குப் பழைய பதில் ஒன்று கைவசம் உண்டு. சங்கு என்றும் பாலாடை என்றும் சொல்லப்படும், கடைவாயில் வைத்துச் சாய்க்கும் மூக்குள்ள சிறு பாத்திரம். வெள்ளியிலோ பித்தளையிலோ எவர்சில்வரிலோ இருக்கும், இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. பாட்டிமார் உரைமருந்து கொடுத்த அதே பாத்திரம் இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் இருக்கிறது. இந்திய மருத்துவ வழிகாட்டுதல்கள், பொதுவாக 32 முதல் 34 வாரத்தில் பிறந்து, மார்பில் உறிஞ்ச இன்னும் தெம்பு வராத குழந்தைக்குக் கறந்த தாய்ப்பாலைப் பாலாடையிலோ கரண்டியிலோ கோப்பையிலோ கொடுக்கச் சொல்கின்றன. வீட்டு வழக்கம் ஒன்று மருத்துவ நடைமுறையாக ஏற்கப்பட்ட அரிய எடுத்துக்காட்டு இது. இதற்குரிய கவனம் இதற்குக் கிடைத்ததில்லை.

ஆய்வுச் சான்று என்ன சொல்கிறது? 1999இல் மல்ஹோத்ராவும் உடன் ஆய்வாளர்களும் பாட்டில், கோப்பை, பாலாடை மூன்றையும் இந்தியக் குழந்தைகளிடம் ஒப்பிட்டபோது, குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனதும் சிந்தல் குறைவாக இருந்ததும் பாலாடையில்தான். 2007இல் லண்டனில் அலோசியஸ், ஹிக்சன் இருவரும் குறைமாதக் குழந்தைகளிடம் பாலாடையைப் பாட்டிலோடு ஒப்பிட்டனர். அங்கே பாலாடைக்கு அதிக நேரம் பிடித்தது, பால் கூடுதலாகச் சிந்தியது, குழந்தைகளும் அதிகம் திணறினார்கள். இரண்டு முடிவுகளும் நேர் எதிர். பாலாடையைக் கண்டே வளர்ந்த செவிலியரின் கை, அதைப் புதிதாகக் கற்ற கை என்ற வேறுபாடு இந்த முரணில் ஒரு பகுதியையாவது விளக்கக்கூடும் என்று நினைக்க இடமிருக்கிறது. பாத்திரத்தின் பண்பு என்று அளக்கப்படுவதில் கொடுப்பவரின் பழக்கமும் கலந்திருக்கிறது.

திறந்த கோப்பை பற்றியும் இதே நிலைதான். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் சாண்ட்ரா லாங்கும் சக ஊழியர்களும் 1994இல் வெளியிட்ட கட்டுரை, 30 வாரக் குழந்தைகூடக் கோப்பையின் விளிம்பில் நாக்கை நீட்டிப் பாலை எடுத்துக்கொள்ளும் என்று காட்டியது. 2002இல் டவ்லிங் குழுவினர் அளந்து பார்த்தபோது, கோப்பையிலிருந்து குறைந்த பாலில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குழந்தையின் மார்புத் துணியில் இருந்தது. குழந்தை குடித்த அளவு என்று பதிவேட்டில் எழுதப்படுவது உண்மையில் வயிற்றுக்குள் போன அளவாக இல்லாமல் போகலாம் என்பது எடை குறைந்த குழந்தை விஷயத்தில் சிறிய செய்தி அல்ல. ஆஸ்திரேலியாவில் 2004இல் வெளியான பெரிய ஆய்வில், கோப்பைப் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இடையிலேயே பாட்டில் தரப்பட்டது. ஐந்து ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் பரிசீலனை, கோப்பையில் குடித்த குறைமாதக் குழந்தைகள் மருத்துவமனையை விட்டுப் போகும்போது முழுத் தாய்ப்பாலில் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது; கூடவே சான்றின் தரம் குறைவு என்றும் எச்சரித்தது.

பாலாடையைப் போற்றுபவர்கள் பேசாமல் விடும் பக்கமும் ஒன்று உண்டு. நாக்கை நீட்டிக் கோப்பையில் எடுக்கும் குழந்தை தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறது. பாலாடையில் வேகம் ஊட்டுபவர் கையில். குழந்தை அழும்போது வாயில் சாய்த்தாலோ, மடியில் மல்லாக்கக் கிடத்தி ஊற்றினாலோ பால் மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயம் உண்டு. பிறந்த உடனே சர்க்கரைத் தண்ணீரும், சங்குக் கணக்கில் விலை பேசப்படும் காய்ச்சாத கழுதைப்பாலும் குழந்தையின் வாய்க்குள் போவது இந்தப் பாத்திரத்தின் வழியாகத்தான். பழையது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

உறிஞ்சும் வேட்கை

பாட்டிலைச் சீக்கிரம் பிடுங்கினால் குழந்தை மனம் நொந்துபோகும் என்ற அச்சம் பாட்டிமார்களிடம் மட்டும் இருப்பதல்ல. ஃபிராய்டு வாய்வழி இன்பத்தை மனவளர்ச்சியின் முதல் கட்டமாக வைத்தார். 1934இல் டேவிட் லெவி நாய்க்குட்டிகளை வைத்துச் செய்த சோதனையில், வேகமாகப் பால் வரும் நிப்பிளில் குடித்து உறிஞ்சல் போதாமல் வளர்ந்த குட்டிகள் மற்றப் பொருள்களை அதிகம் சப்பின. பிறவியிலேயே குறிப்பிட்ட அளவு உறிஞ்சல் தேவை இருக்கிறது, அதைத் தடுத்தால் விரல் சூப்பலாக வெளிப்படும் என்பது இதிலிருந்து எடுத்த முடிவு.

இதற்கு எதிராக ராபர்ட் சியர்ஸும் ஜார்ஜ் வைஸும் 1950இல் கன்சாஸ் சிட்டியின் 80 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறந்தது முதலே கோப்பையில் குடித்தவர்களும் அதில் அடக்கம். பாட்டிலையோ மார்பையோ தாமதமாக விட்டவர்களே விடும்போது அதிகம் தவித்தார்கள். சீக்கிரம் விட்டவர்கள் அதிகம் விரல் சூப்பியதாகத் தெரியவில்லை. பழகப் பழகத்தான் வேட்கை வலுக்கிறது என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கை சிறியது, குடும்பங்களின் மற்ற வேறுபாடுகளும் பிரிக்கப்படவில்லை. இருந்தாலும் ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தானாக விட்டுவிடும்’ என்ற ஆறுதலை இந்த ஆய்வு அசைத்துப் பார்க்கிறது. காத்திருந்தால் மாற்றம் எளிதாகும் என்பதற்கு வலுவான ஆதாரம் வரவில்லை.

சிப்பர் பற்றி ஒரு சொல். சிந்தாமல் இருக்க அடைப்பான் வைத்த சிப்பரில் குழந்தை மறுபடியும் உறிஞ்சத்தான் வேண்டும். அது பேச்சு வளர்ச்சியைக் கெடுக்கும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதற்குப் போதிய சான்று இல்லை. ஆனால் அது டம்ளருக்குப் பழக்குகிறது என்ற விற்பனை வாசகத்துக்கும் அதே நிலைதான்.

பல்லும் இரத்தமும் எடையும்

பாட்டிலை விடுவதற்கு வயது வரம்பு வைத்ததில் பல் மருத்துவர்களுக்கே பெரும் பங்கு. 1962இல் எலியாஸ் ஃபாஸ், படுக்கையில் பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைகளின் மேல் முன்பற்கள் சொத்தையாவதை விவரித்தார். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும். பால் பல்லில் குளமாகத் தங்கும். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அமைப்பு 12 முதல் 18 மாதத்துக்குள் பாட்டிலை விடச் சொல்வதன் அடிப்படை இது. நம் வீடுகளில் சர்க்கரை போடாமல் பாட்டில் கலக்குவது அரிது என்பதால், இந்த வாதம் இங்கே இன்னும் வலுவாகப் பொருந்தும். கெடுதலில் பாட்டிலின் பங்கு எவ்வளவு, சர்க்கரையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். டம்ளருக்கு மாறியும் படுக்கும் நேரத்தில் சர்க்கரைப்பால் தொடர்ந்தால் ஆபத்து முழுதாக நீங்காது.

இரண்டாவது வாதம் இரத்தசோகை. மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நினைத்தபோதெல்லாம் பாட்டில் கிடைக்கும் குழந்தைக்குப் பால் வயிறு நிரம்பிக் கூழும் கீரையும் பருப்பும் இறங்காது. இரண்டு வயதைத் தாண்டியும் பாட்டிலில் இருந்த அமெரிக்கக் குழந்தைகளிடம் இரும்புச்சத்துக் குறைவு அதிகம் என்று 2005இல் பிரோட்டானெக் குழுவினர் காட்டினர். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதால், இந்த வாதத்துக்கு இங்கே எடை கூடுகிறது. நிப்பிள் துளையைப் பெரிதாக்கி ராகிக் கூழையே பாட்டிலில் கொடுப்பது இதற்குத் தீர்வல்ல. மெல்லவும் கரண்டியில் வாங்கவும் பழக வேண்டிய மாதங்கள் அதில் கழிந்துவிடும்.

எடை பற்றிய வாதம்தான் மூன்றிலும் பலவீனமானது. இரண்டு வயதிலும் பாட்டில் குடித்த அமெரிக்கக் குழந்தைகளில் சுமார் 23 விழுக்காட்டினர் ஐந்தரை வயதில் உடல்பருமன் உள்ளவர்களாக இருந்தனர். மற்றவர்களில் இது சுமார் 16. இது 2011இல் வெளியான தகவல். ஆனால் பானக் என்பவரின் குழுவினர் நியூயார்க்கில் பெற்றோருக்கு ஆலோசனை தந்து, 2014இல் முடிவு வெளியிட்டபோது, பாட்டில் பழக்கம் குறைந்தது, மிகை எடை குறையவில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் பெரும் கவலையாக உள்ள மாவட்டத்துக்கு இந்த வாதத்தை அப்படியே இறக்குமதி செய்வது பொருந்தாது.

டம்ளரில் என்ன தண்ணீர்?

மேலே சொன்ன எந்த நிலைப்பாடும் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடைப் பற்றிப் பேசவில்லை. தருமபுரியில் அதைப் பேசாமல் நகர முடியாது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கிறது; வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை அனுமதிக்கிறது. மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் நீர் இந்த வரம்பைத் தாண்டியதால்தான், ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் வந்த பின்பும், குழாயில் வராத நாளில் போர்வெல் தண்ணீரே கைகொடுக்கிறது.

தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. தாயின் குடிநீரில் எவ்வளவு இருந்தாலும் பாலுக்குள் சிறிதளவே வரும். பவுடர்ப் பாலுக்கு மாறியதும் அந்தக் காப்பு போய்விடுகிறது. 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் நாளுக்கு 700 மில்லி கலந்து கொடுத்தால் குழந்தைக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அமெரிக்க மருத்துவக் கழகம் 1997இல் வகுத்த உச்ச வரம்பு 0.7 மில்லிகிராம். நிலைப்பற்களின் எனாமல் உருவாகும் ஆண்டுகளில் உள்ளே போவதுதான் பிற்காலத்தில் பல்லில் காவிக் கறையாகத் தெரிகிறது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்றும் அளவுக்குச் செறிவு கூடவே செய்யும்.

ஆறு மாதத்தில் டம்ளரைக் கொடுக்கும்போது பெரும்பாலும் முதலில் பழக்குவது தண்ணீரைத்தான். பாட்டிலை விடவைக்க மேல்நாட்டுக் கையேடுகள் சொல்லும் பிரபலமான உத்தி, இரவுப் பாட்டிலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிப் பாலைக் குறைத்துக்கொண்டே வருவது. வயிறார உண்ணும் குழந்தைக்கு அது உதவலாம். ஏற்கெனவே தண்ணீர் விட்ட பாலைக் குடித்து எடை ஏறாத குழந்தைக்கு, அதிலும் போர்வெல் தண்ணீரில், அந்த உத்தியை இந்த வட்டாரத்தில் பரிந்துரைக்கவே கூடாது என்பது என் கருத்து. ஒரு வேளைப் பாட்டிலை முழுதாக நிறுத்தி, அதே பாலை நீர்க்காமல் டம்ளரில் கொடுத்து, சில நாள் விட்டு அடுத்த வேளைக்குப் போவது இதைவிடப் பாதுகாப்பானது. முதலில் பகல் வேளை, கடைசியில் படுக்கும் வேளை.

பக்கத்தில் உட்காரும் ஆள்

ஆறு மாதக் குழந்தை நிமிர்த்திப் பிடித்தால் விளிம்பில் வாய் வைத்து ஓரிரு மிடறு குடிக்கும். ஒரு வயதை ஒட்டி இரு கையாலும் டம்ளரைப் பிடிக்கத் தொடங்கும். ஒன்றரை வயதில் கொஞ்சம் சிந்தினாலும் தானே குடித்துவிடும். இடைப்பட்ட ஓராண்டும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்க வேண்டும். பாட்டில் அதைக் கேட்பதில்லை. ‘சின்னப் பிள்ளைக்குப் பாட்டில் ஏன்?’ என்று தாயைக் கடிந்துகொள்ளும் அறிவுரைகள் காணத் தவறுவது இந்த ஓராண்டு உழைப்பை.

2017இன் பேறுகாலப் பயன் திருத்தச் சட்டம் 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. டம்ளர் தொடங்க வேண்டிய அதே ஆறாவது மாதத்தில் அது முடிகிறது. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. கூலி வேலை பார்க்கும் தாய்க்கு இரண்டும் இல்லை. அங்கன்வாடி ஆறு மாதம் முதல் சத்துமாவு தருகிறது. ஆனால் மையத்தில் பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகுதான். 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது; ஆனால் அது அந்த வேலைத்தளத்துக்கு மட்டுமே. ஆக ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தை பெரும்பாலும் அப்பாயியின் அல்லது அம்மாயியின் பொறுப்பு. அறிவுரை தாயிடம் சொல்லப்படுகிறது. பாட்டிலோ டம்ளரோ இருப்பது பாட்டியின் கையில்.

எதுவரை சொல்லலாம்

ஆறாவது மாதத்தில் திறந்த டம்ளரைத் தொடங்கிவைப்பதில் ஏறக்குறைய எல்லாத் துறைகளும் ஒத்துப்போகின்றன. ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை முடிப்பதற்குப் பல், இரத்தம், சுத்தம் மூன்றும் ஆதரவு. அவற்றில் சுத்தம் பற்றிய வாதம் இந்த வட்டாரத்தில் எல்லாவற்றிலும் வலுவானது. படிப்படியாக நிறுத்துவதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்பதில் உறுதியாக ஒன்றைச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

தீராத கேள்விகளில் இரண்டு நல்லம்பள்ளி போன்ற ஊரிலேயே ஆராயத்தக்கவை. பாலாடையில் தொடங்கிய குழந்தை, பாட்டிலைத் தொடாமலே டம்ளருக்குப் போகிறதா? கலக்கும் நீரை மாற்றினால் பல் கறை எந்த அளவு குறையும்? இவற்றுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்காக ஒன்பதாம் மாதத்திலும், மறுபடி 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் குழந்தைகள் கிராம சுகாதார செவிலியரிடம் வருகிறார்கள். அந்த இரண்டு முறையும், கூட வந்திருப்பது பாட்டியானாலும், குழந்தை இப்போது எதில் குடிக்கிறது, அதில் ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்று கேட்டு அட்டையில் எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் பதிலின் முதல் பகுதி கையில் இருக்கும்.